ஆச்சி தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு மாதமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கல்லூரியில் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான். இங்கே நைட் டியூட்டியில் 12 நோயாளிகள். அதை எழுத ஏது நேரம்? போன வாரம் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. "யோசிச்சு வேலை பாரும்மா" என்கிறார் சீனியர் சிஸ்டர். எப்படி யோசிப்பது?

பதில்: நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். கந்த சஷ்டி நேரம். கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த ஆச்சி ஒருவர், வயது எழுபதுக்கு மேல். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, பிரஷருக்கு அட்டெனோலால். இரவு எட்டு மணிக்கு "சாப்டாச்சா ஆச்சி?" என்றேன். "ஆச்சு" என்றார். மாத்திரையைக் கொடுத்து, சார்ட்டில் டிக் போட்டேன்.

பத்தரை மணிக்கு, ஆச்சி அசந்து தூங்குவதாகத் துணைக்கு இருந்த பெண் சொன்னார். நகரப் போனவள் ஸ்டூலைப் பார்த்தேன். டிபன் கேரியர் கிளிப் கழற்றாமல் அப்படியே இருந்தது. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, தலையணை உறையோ ஈரம். தட்டிக் கூப்பிட்டால் "ம்" என்கிறார், கண் திறக்கவில்லை. குளுக்கோமீட்டரில் 46.

ஆச்சி விரதம். சொன்னால் நர்ஸ் திட்டுவாள் என்று "ஆச்சு" என்றிருக்கிறார். கிளிமிபிரைடோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றுதானே படித்தோம்? அட்டெனோலால் அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. அந்த ஈரத் தலையணைதான் ஆச்சியைக் காட்டிக்கொடுத்தது.

இதில் உங்கள் கேர் பிளானின் ஐந்து கட்டங்களும் (அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், எவல்யுவேஷன்) இருக்கின்றன. கேரியரும் வியர்வையும் அசெஸ்மென்ட். 'சர்க்கரை நோய்' டாக்டரின் டயக்னோசிஸ். 'விரதத்தில் மாத்திரை எடுப்பதால் சர்க்கரை தாழும் அபாயம்' என்பது நர்ஸின் டயக்னோசிஸ். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் போய், நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆச்சி மாதிரி மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டரிடம் சொல்லி, நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்ற வேண்டும். 15 நிமிடத்தில் திரும்ப சுகர் பார்ப்பதுதான் எவல்யுவேஷன். வயதானவர்களுக்கு, அதுவும் கிட்னி பலவீனமானவர்களுக்கு, இந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் தங்கும். ஒருமுறை ஏறிய சர்க்கரை விடிவதற்குள் மறுபடி இறங்கலாம். வார்டில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிக் கட்டம்தான். மருந்து கொடுத்ததோடு வேலை முடிந்ததென்று நினைக்கிறோம்.

அமெரிக்க நர்ஸ் ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961-லேயே இதை வற்புறுத்தினார்: நோயாளியைப் பார்த்து நீங்கள் என்ன நினைத்தீர்களோ, அது சரிதானா என்று அவரிடமே கேட்டு உறுதி செய்த பிறகே செயலில் இறங்க வேண்டும். நான் கேட்டது கேள்வியே இல்லை. பதிலை நானே அதற்குள் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்கிறேன். "ரெண்டு இட்லி, ஏழரைக்கு" என்று வந்தால் நம்பலாம்.

நேரத்துக்கு வருவோம். 12 பேருக்கும் கட்டம் போட்டு எழுத முடியாது, உண்மைதான். டியூட்டி ஏற்றதும் பாக்கெட் நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இன்று இரவு இவருக்கு எது கெடலாம், அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? '4-ஆம் பெட்: விரதம், சுகர் 10 மணி, 2 மணி.' '7: ஆபரேஷன் முதல் நாள், யூரின் அளவு.' இது பதினைந்து நிமிட வேலை. இரவு முழுவதும் முதலில் எந்தக் கட்டிலுக்குப் போவது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எல்லோருக்கும் 20 என்று எழுதும் பழக்கம் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25-க்கு மேல் போனால், பிரஷர் நன்றாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

போன் செய்யும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "சார், 4-ஆம் பெட் ஆச்சி, கூப்பிட்டா கண் திறக்கலை, சுகர் 46. விரதத்துல கிளிமிபிரைடு போட்டிருக்காங்க. சுகர் இறங்கின மயக்கம்னு நினைக்கிறேன். டெக்ஸ்ட்ரோஸ் ஆர்டர் வேணும், நீங்க வந்து பாக்கணும்." மூன்றாவதைச் சொல்லத் தயங்காதீர்கள். தவறாக இருந்தால் டாக்டர் திருத்துவார், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்றும் இதே யோசனை வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில், ஆச்சி படுப்பது முன்பக்கம், பாத்ரூம் பின்கட்டில். நடுவே வளவு (முற்றம்), உயரமான நிலைப்படி, வழுவழுப்பான தரை. சிறுநீர் பிரிய வைக்கும் பியூரோசமைடை மாலையில் போட்டால், இருட்டில் அந்த வழியை மூன்று முறை கடப்பார். காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டிலை எங்கே போடப்போகிறார்கள் என்று கூட வந்தவரிடமும் கேளுங்கள்.