எகிப்தோட ஆரம்பகால பெண் ஓவியர்கள்ல நகரத்து ராத்திரி கலகலப்பை வரைஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

கேட்டவர் இன்ஜி எஃப்லாதூன் பேரைப் போட்டு, இவங்க தவிர யாருன்னு கேட்டிருக்கார். இன்ஜி பெரிய ஆள்தான், அதிபர் நாசர் காலத்துல 1959ல உள்ள போய் 1963 வரைக்கும் ஜெயில்லயே உக்காந்து வரைஞ்சவங்க. ஆனா கடைவீதி, காபிக்கடை, கூட்டம், சத்தம்னு கேட்டா என் ஓட்டு ஸைனப் அப்துல் ஹமீதுக்குத்தான் (1919–2002). வெளியூர்ல அவ்வளவா பேர் தெரியாது, அதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு வருத்தம்.

1945ல கெய்ரோவுல பெண்களுக்கான ஓவிய டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்க. அந்தக் காலத்துல எகிப்துல ஒரு பொண்ணு ஓவியர் ஆகணும்னா பெரும்பாலும் டீச்சர் வழியாத்தான் வரணும், இன்னொரு பெண் ஓவியர் கஸ்பியா சிர்ரியும் அதே வழிதான். ரெண்டு பேரும் "நவீன கலைக் குழு"ல இருந்தாங்க, ஹாமித் உவைஸ், கமால் அல் ஸகீனி எல்லாம் அதே செட்டு. ஸைனப் அப்புறம் ஸ்பெயின் போய் மாட்ரிட்ல படிச்சுட்டு வந்து கடைசி வரைக்கும் முக்கியமா வாட்டர்கலரையே புடிச்சுக்கிட்டாங்க.

அப்போ கெய்ரோ ராத்திரின்னா ரெண்டு தினுசு. ஒண்ணு இமாதுத்தீன் தெரு, ஒபேரா சதுக்கம், தியேட்டர், கேபரே, பெல்லி டான்ஸ். 1952 ஜனவரி 26 கலவரத்துல எரிஞ்சது முக்கியமா இந்தப் பக்கம்தான், தீ ஆரம்பிச்சதே டான்ஸர் பதீயா மசாப்னி ஆரம்பிச்ச கேஸினோ ஒபேராங்கற நைட் கிளப்புலன்னு சொல்வாங்க. இன்னொண்ணு தெருமுனை அஹ்வா, அதாவது நம்ம ஊரு டீக்கடை பெஞ்ச்சை பத்து மடங்கு பெருசாக்கி ஹூக்கா, டோமினோ, தாயக்கட்டை உருட்டி ஆடுற தவ்லா எல்லாம் சேர்த்தா வர்ற இடம், நாற்காலி கடைக்குள்ள அடங்காம நடைபாதையைத் தாண்டி ரோட்டுல வந்து நிக்கும். மாசத்தோட முதல் வியாழக்கிழமை ராத்திரி ரேடியோவுல பாடகி உம் குல்தூம் கச்சேரி வரும், அன்னிக்கு இந்தக் கடைகள்ல இடமே கிடைக்காது. மஹ்மூத் சயீத் மாதிரி ஆம்பளை ஓவியர்கள் டான்ஸர்களை வரைஞ்சாங்க, ஸைனப் இந்த நாற்காலிப் பக்கம் வந்தாங்க.

அவங்க படங்கள்ல என்னை இழுக்கறது பார்க்கற கோணம். எங்கயோ மாடியில நின்னு கீழ பாக்கற மாதிரி வரைவாங்க. வானத்துக்கு இடம் ரொம்பக் கம்மி, தூரத்துல இருக்கறவன் சின்னதாகி மறைய மாட்டான், பேப்பர்ல மேல ஏறி உக்காந்திருப்பான், பழைய அரபு, பாரசீக நுண் ஓவியங்கள்ல வர்ற மாதிரி. டேபிள், நாற்காலி, தட்டு தூக்கிட்டுப் போற ஆள் எல்லாமே மெல்லிசான கோட்டுல தனித்தனியா தெரியும், கோட்டுக்கு மேல கலர் சும்மா கழுவி விட்ட மாதிரி. இதைப் பார்த்துட்டு சில பேர் "அலங்காரப் படம், டூரிஸ்டுக்கு விக்கறது"ன்னு தள்ளிடறாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்லை. அஹ்வா அன்னிக்கு முழுக்க ஆம்பளைங்க இடம், ஒரு பொண்ணு உள்ள போய் உக்காந்து ஸ்கெட்ச் போட்டா மொத்தக் கடையும் திரும்பி அவளைத்தான் பார்க்கும், மாடியில இருந்தா யாரும் அவளைப் பார்க்க மாட்டாங்க, அவளுக்கு அத்தனை பேரும் தெரிவாங்க. அவங்களே இப்படி நினைச்சு வரைஞ்சாங்களான்னா அது வேற விஷயம், நான் பார்க்கறது இப்படித்தான். அந்த உயரத்துல இருந்து பார்க்கும்போது கடை முதலாளி, பெரிய மனுஷன், ஹூக்காவுக்கு கரித்துண்டு கொண்டு வர்ற பையன் எல்லாரும் ஒரே சைஸ், படத்துக்கு ஹீரோவே கிடையாது.

இன்னொண்ணு, வாட்டர்கலர்ல ராத்திரி வெளிச்சம் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆயில்னா இருட்டை அடிச்சுட்டு மேல மஞ்சளை வச்சு பல்பை ஏத்திடலாம், இதுல பேப்பரோட வெள்ளைதான் வெளிச்சம், எங்க விளக்கு எரியணுமோ அந்த இடத்தை முதல்லயே கலர் படாம காப்பாத்திட்டு வரணும். ஸைனப் ஆளுக்கும் நாற்காலிக்கும் நடுவுல அந்த வெள்ளையை விட்டு விட்டுப் போவாங்க, அதனால சில படத்துல பகலா ராத்திரியான்னே சொல்ல முடியாது. அடிக்கிற வெயிலுக்கு பொழுது சாஞ்சப்புறம்தான் தெருவுக்கு வர்ற ஊருக்கு அது பொருந்தித்தான் போகுது.

தேடிப் பார்க்கறதா இருந்தா அவங்க பேரை அரபியில அடிச்சுத் தேடுங்க, நிறைய வரும். ஏலக் கம்பெனி சைட்டுகள்ல ஜூம் பண்ற மாதிரி பெரிய ஃபைலா போட்டிருப்பாங்க, அதை கம்ப்யூட்டர்லயே பாருங்க, ஃபோன்ல பார்த்தா அந்தக் கோடெல்லாம் கலந்து வெறும் கலர் திட்டாத்தான் தெரியும்.