துருவக்கரடி பார்க்க லைனில் காசு எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை செய்கிறோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 12. மனிற்றோபாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சேர்ச்சிலுக்குப் போய்த் துருவக்கரடி பார்க்க வேண்டும் என்று மகன் சின்ன வயதிலிருந்தே ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒக்டோபர் கடைசியில், வினிபெக்கிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவர ஆளுக்கு 7,800 டொலர் கேட்கிறார்கள். எங்கள் லைன் ஒஃப் கிரெடிட்டில் (வீட்டை ஈடாக வைத்து வங்கியில் வேண்டியபோது எடுக்கும் கடன்) 52,000 கடன் நிற்கிறது, இன்னும் 60,000 எடுக்கலாம். வட்டி தவறாமல் போகிறது. எல்லாம் போக மாதம் 700 அளவில் மிஞ்சும். இதற்குள் அண்ணா இரண்டாவது கடை போட 20,000 கேட்கிறார். பயணக் கதை காதில் விழுந்ததும், "கரடிக்கு இருக்கிற காசு எனக்கு இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். எங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். தெரிந்த காப்புறுதி முகவர் ஒருவர், ஆயுள் காப்புறுதி ஒன்றைத் தொடங்கினால் அதிலிருந்தே பயணங்களுக்குக் கடன் எடுக்கலாம், "உங்களுக்கு நீங்களே பாங்க்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் கரடியைப் பற்றி இரண்டு பக்கம். 52,000 டொலரைப் பற்றி ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். திருப்பிக் கேட்டபோது நீங்கள் அனுப்பிய கணக்கு இது: அண்ணாவின் கொத்துரொட்டிக் கடைக்கு 24,000, அதே கடையின் குளிரறை பழுதானபோது இன்னும் 7,000, மகளின் சாமத்தியவீட்டுக்கு 15,000, குசினி திருத்த 6,000. ஐந்து வருடமாகக் கடனின் முதல்தொகையில் ஒரு டொலர்கூடக் குறையவில்லை.

மலிவு விமானச் சீட்டு தேடுவது, கடனட்டைப் புள்ளி சேர்ப்பது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. "வட்டி தவறாமல் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. லைனில் வட்டியை மட்டும் கட்ட வங்கி விடுகிறது. நீங்கள் வீட்டை விற்கும் நாள்வரை இப்படியே கட்டினாலும் அதற்குச் சந்தோஷம்தான். கடன் கட்டுகிறோம் என்ற நிம்மதி மட்டும் உங்களுக்கு, காசு அவர்களுக்கு.

கணக்குக்கு வட்டியை 6 வீதம் என்று வைப்போம். 52,000க்கு வருடம் 3,120, மாதம் 260. நாலு பேருக்குப் பயணக் கட்டணம் 31,200. ரொறன்ரோவிலிருந்து வினிபெக் போய்வர, குளிர் உடுப்பு, ஹோட்டல் எல்லாம் சேர்த்து 35,000 என்று பிடியுங்கள். அதையும் லைனில் போட்டால் வட்டிக்கு மாதம் இன்னொரு 175. உங்கள் வழக்கப்படியே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனால் பத்து வருடத்தில் 21,000 கட்டியிருப்பீர்கள், 35,000 அப்படியே நிற்கும். மகனுக்கு அப்போது 22 வயது.

இந்த 6 வீதமும் நிலையானது இல்லை. லைனின் வட்டி வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைமோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில் அந்தப் பிரைம் வட்டி 2.45 வீதம். 2023 ஜூலையில் அது 7.20. அந்த வருடம் உங்கள் வீட்டுக் கணக்கு ஏன் இறுகியது என்று பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்.

பயண விலை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். சேர்ச்சிலுக்குத் தரைப்பாதையே இல்லை, ரயில் அல்லது விமானம்தான். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஹட்சன் விரிகுடா உறைவதைப் பார்த்துக் கரடிகள் கரையில் கூடுவது ஒக்டோபரிலும் நவம்பரிலும் ஆறு கிழமை அளவுக்குத்தான். சேர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதால் அந்தப் பக்கத்தில் ஐஸ் முந்திப் பிடிக்கும், அதனால்தான் கரடிகள் அங்கே வந்து நிற்கின்றன. அந்த ஆறு கிழமைக்குள் உலகம் முழுக்க அந்தச் சில நூறு கட்டில்களுக்கு அடிபடுகிறது. ஒன்று கவனித்தீர்களா? பனியில் சீல் பிடித்துச் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, பனி உருகிய பிறகு நாலு மாதம் அளவில் கிட்டத்தட்டப் பட்டினியாகவே கிடக்கும் மிருகம் அது. அதைப் பார்க்க நீங்கள் இன்னும் சேர்க்காத கொழுப்பில் போகப் பார்க்கிறீர்கள்.

அண்ணாவின் விசயத்துக்கு வருகிறேன். ஸ்பொன்சர் பண்ணின நன்றி பெரிய நன்றிதான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவருக்குப் போன 31,000க்கு வட்டி மாதம் 155. அதை இவ்வளவு காலமும் நீங்கள் கட்டுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். "லைன் சும்மாதானே கிடக்கு" என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். புதிதாக 20,000 கிடையாது. பழைய 31,000க்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், இப்போதைக்கு அந்த 155ஐயாவது ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோபிப்பார். இரண்டு கிழமை கோபிப்பார்.

அதற்கு முதல் வங்கிக்குப் போய் லைனின் எல்லையை 112,000இலிருந்து 55,000க்குக் குறைக்கச் சொல்லுங்கள். கூட்டித் தருவதில் காட்டும் அவசரம் குறைப்பதில் இராது, விடாதீர்கள். பிறகு யார் கேட்டாலும் "லைனில் இடமில்லை" என்று உண்மையே சொல்லலாம்.

முகவரின் "நீங்களே பாங்க்" கதையைப் பற்றி எனக்கு மாதம் இரண்டு கடிதமாவது வருகிறது. அந்த வகை ஆயுள் காப்புறுதியில் முதல் சில வருடக் கட்டணத்தின் பெரும்பகுதி தரகுக்கும் காப்புறுதிச் செலவுக்கும் போய்விடும். மூன்றாம் வருடம் வெளியே வந்தால் கட்டியதில் எவ்வளவு கையில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பொலிசியிலிருந்து எடுக்கும் கடனுக்கும் வட்டி உண்டு. 52,000 கடன் நிற்கிற வீட்டுக்கு இன்னொரு கடன் வாசல் எதற்கு?

இனிப் பயணம். போங்கள், ஆனால் இந்த ஒக்டோபரில் வேண்டாம். மிஞ்சும் 700இல் 400 லைனின் முதலுக்கு, 300 பயணத்துக்கு. 24 மாதத்தில் முதல் 9,600 குறையும். பயணக் கணக்கில் 7,200, அண்ணாவின் 155 சேர்ந்து 3,720. மொத்தம் கிட்டத்தட்ட 10,900.

அந்தக் காசுக்கு ஒக்டோபர் கிடைக்காது, ஓகஸ்ட் கிடைக்கும். கோடையில் ஆற்று வாயிலுக்கு பெலுகா திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கில் வரும், படகுக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாக எழும்பும். கரடிகளும் அப்போது கரையில்தான், இலையுதிர்காலத்தைப் போல் கூட்டமாக இராது, அவ்வளவுதான். நுளம்பு இருக்கும், வலைத் தொப்பி வாங்குங்கள். வினிபெக்கிலிருந்து ரயிலில் போங்கள், 1,700 கிலோமீற்றர், இரண்டு இரவு. இருக்கைச் சீட்டில் போனால் விமானத்தைவிட எவ்வளவோ மலிவு. மகனுக்கு அதுவரை பொறுமை இல்லையென்றால் இந்தக் கோடையில் காரில் ஒன்ராறியோவின் கொக்ரனுக்குக் கூட்டிப்போங்கள், அங்கே துருவக்கரடிகளைப் பராமரிக்கும் இடம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து மூசனிக்குப் போகும் 'போலார் பெயர் எக்ஸ்பிரஸ்' ரயிலின் பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறவேண்டாம். அதில் கரடி பெயரில்தான்.

சேர்ச்சில் ரயில் நேரத்துக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். சதுப்பும் உறைநிலமுமான பாதை, பல இடங்களில் மெதுவாகத்தான் ஓடும். 2017 வசந்தத்தில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்து, ஒன்றரை வருடம் சேவையே நின்றது. வினிபெக்குக்குத் திரும்பி வரும் அன்றைக்கே ரொறன்ரோ விமானத்தைப் போட்டுவிடாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அந்த ஒரு இரவு ஹோட்டலையும் 10,900க்குள் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.