புருவத் தழும்பு

அன்புள்ள ஐயா,

பெங்களூருவில் டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச்செல் பாசி) ஆராய்ச்சி செய்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் எடுத்த கோம்போனீமா பேரின டயாட்டம் ஒன்றைப் புதிய சிற்றினம் என்று விவரித்து, என் ஆசிரியர் நினைவாகப் பெயரிட்டேன். அதே பேரினத்தில் அதே பெயரை முன்பே ஒருவர் வேறு யாருக்காகவோ வைத்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. என்னுடையது செல்லாது, மாற்றுப்பெயர் வேண்டும். தமிழ்ச்சொல் வைக்கலாமா? டயாட்டத்துக்கே நல்ல தமிழ்ச்சொல் உண்டா? அவமானத்தில் தூக்கமில்லை. (சுருக்கப்பட்டது)

கயல்விழி

அன்புள்ள கயல்விழி,

வைக்கலாம். சிற்றினப் பெயரை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கப் பெயரிடல் விதிநூல் விடுகிறது, லத்தீன் எழுத்தில் இருந்தால் போதும். டயாட்டத்தை டயாட்டம் என்றே சொல்லுங்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிய நேரத்தில் பாசிப் பெயர்களின் இணையத் தரவுத்தளமான அல்கீபேஸில் பழைய பெயரைத் தேடியிருக்கலாம், இலவசமாகத்தான் கிடக்கிறது. முந்தைய பெயரை இன்று யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? சரி, போகட்டும்.

என் கோபம் வேறு. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் பெயர். அந்த உயிரைப் பற்றி ஒரே வரி: ஓட்டில் 10 மைக்ரானுக்கு 12 கோடுகள். கல்லில் பழுப்பு வழவழப்பாக இருந்ததா? பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தீர்களா? அமிலத்தில் எல்லாம் கரைந்துபோய் டப்பாவும் மூடியுமாக மிஞ்சிய அந்தச் சிலிக்கா ஓட்டை மைக்ராஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் முதலில் பார்த்த அன்று வீட்டுக்கு எப்படிப் போனீர்கள்? ஒன்றுமே எழுதவில்லை. 1950களில் எச்.பி. காந்தி என்ற ஆய்வாளர் மேற்கு இந்திய நீர்நிலைகளின் டயாட்டங்களைக் கோடு கோடாகக் கையால் வரைந்தார். அவர் வைத்த பெயர்களில் சில பின்னால் மாறின. மாற்றியவர்களும் அவர் பார்த்ததிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

என் அப்பா முத்துக்கருப்பன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து அல்சூரில் குடியேறியவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது எழுத்தர் பதிவேட்டில் 'முத்தப்பா' என்று எழுதிவிட்டார். வாய்க்கு அதுதான் வந்திருக்கும். அப்பாவும் முப்பத்திரண்டு வருஷம் முத்தப்பாவாகவே கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெற்றபோது பள்ளிச் சான்றிதழையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது வேறு ஆள் என்றார்கள். ஏழு மாதம் பென்ஷன் இல்லை. அம்மா வளையலை அடகு வைத்தாள். கடைசியில் ஒரு வயதான கன்னடக்காரர் இரண்டு தாளிலும் பெயரை விட்டுவிட்டு 'அங்க அடையாளம்' என்ற வரிக்குப் போனார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இரண்டிலும் அதேதான். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேசைமேல் எக்கி, அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பார்த்தார். "ஹௌது, இவரே" என்றார், ஆமாம், இவர்தான் என்று. அதுவரை அந்த அலுவலகத்தில் அப்பாவின் முகத்தை யாருமே பார்த்திருக்கவில்லை.

உங்கள் கோம்போனீமாவுக்கு அந்தத் தழும்பு டைப் ஸ்லைடு, பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி உள்ள கண்ணாடித் தகடு. மாற்றுப்பெயர் எதுவானாலும் அதே கண்ணாடியில்தான் நிற்கும். ஆனால் பின்குறிப்பில் நீங்கள் போகிறபோக்கில் சொல்கிறீர்கள், கட்டுரையில் ஹெர்பேரியத்தின் (மாதிரிக் காப்பகத்தின்) பெயரைப் போட்டுவிட்டு ஸ்லைடை இன்னும் மேசை இழுப்பறையிலேயே வைத்திருப்பதாக! உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்க வேண்டியது இதற்குத்தான் அம்மா. திங்கட்கிழமை முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம் பெயர். ஒரு சிறு குறிப்பு போதும். அதில் செல்லாத பழைய பெயரையும், அது எங்கே எந்த ஆண்டு எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையும் முழுதாகக் காட்ட வேண்டும். கூச்சப்படாமல் எழுதுங்கள். அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் கடைசிவரை 'முத்தப்பா என்கிற முத்துக்கருப்பன்' என்றுதான் இருந்தது.