மகன் அறையிலிருந்து வரும் இரைச்சல்

கேள்வி: என் மகன் காலேஜ் விட்டு வந்ததும் 'ரெகேட்டோன்' என்று ஓர் இரைச்சலைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்படியென்றால் என்ன? எந்த நாட்டுச் சரக்கு? பேசாமல் ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– ஓர் அப்பா, மன்னார்குடி

பதில்: இரைச்சல் என்று திட்டுகிறீர்கள். அவர்களோ அதைப் பெயராகவே வைத்துக்கொண்டவர்கள். 1990-களில், கரீபியனில் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதியான புவேர்ட்டோ ரீக்கோ தீவின் தலைநகர் சான் ஹுவானில் இந்த இசை வளர்ந்த கிளப்பின் பெயர் 'தி நாய்ஸ்'. ரேடியோ சீண்டாத பாட்டுகள். கேசட்டில் பதிந்து கைக்குக் கை போயின. 1995-இல் போலீஸ் இசைக்கடைகளில் புகுந்து, ஆபாசம் என்று சொல்லி கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அள்ளிய பிறகுதான் ஊரெல்லாம் தேடிக் கேட்டிருக்கும். தடை போடுகிறவர்களை மிஞ்சிய விளம்பர ஏஜென்சி உலகத்தில் கிடையாது என்று இந்தப் பக்கத்தில் அலுக்க அலுக்க எழுதியாயிற்று.

அப்பா என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் ஓர் அப்பா-மகன் கதை. அந்த ரெய்டு நடந்தபோது ஆளுநர் பெத்ரோ ரொசெய்யோ. 'இரும்புக் கரம்' என்று சொல்லிக்கொண்டு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் காவல் படையை அனுப்பியவர். 2002-இல் வெல்டா கொன்சாலெஸ் என்ற செனட்டர், இந்த இசைக்கு ஆடும் 'பெர்ரியோ' நடனத்துக்கு எதிராகக் கிளம்பினார். அரசியலுக்கு வருமுன் அவர் நகைச்சுவை நடிகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் பெத்ரோவின் மகன் ரிக்கார்டோ. அவரும் சகாக்களும் அடித்த அசிங்கமான அரட்டை நூற்றுக்கணக்கான பக்கங்களாக வெளியே கசிந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பேட் பன்னி என்ற ரெகேட்டோன் பாடகர் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டு ஊர் திரும்பிப் போராட்டத்தில் சேர்ந்தார். பழைய சான் ஹுவானின் கதீட்ரல் வாசலில் இளசுகள் அதே பெர்ரியோவை ஆடினார்கள். மகன் ராஜினாமா செய்தார். உங்கள் பையன் இன்னும் கதவைத்தான் சாத்துகிறான்.

சரி, பெயர். ரெகே என்ற ஜமைக்கா இசைக்கு ஸ்பானிய மொழியில் 'பெருசு' என்று பொருள்படும் வால் ஒட்டியது என்பார்கள். மாரத்தானிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எந்த நாட்டுச் சரக்கு என்பதுதான் சுவாரஸ்யம். பனாமா கால்வாய் வெட்டப் போன ஜமைக்கா, பார்படோஸ் கூலிகளின் பேரப்பிள்ளைகள் ரெகேயை ஸ்பானிய மொழியில் பாடினார்கள். எல் ஜெனரல் அதில் பேர்போனவர். பிறகு நியூயார்க் ஸ்டூடியோக்கள், அப்புறம் சான் ஹுவான். 2004-இல் டாடி யாங்கியின் 'கசோலினா' பாட்டு வந்ததும் உலகம் முழுக்க.

தாளம் மட்டும் ஒன்றேதான். எட்டு எண்ணுங்கள். இடது கை 1-லும் 5-லும் மேஜையில் விழட்டும். வலது கை 4-லும் 7-லும். வாயால் 'தகிட தகிட தக' சொன்னால் வலது கை தானே இடம் கண்டுபிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் 'டெம் போ' (Dem Bow). வேகத்தைச் சொல்லும் டெம்போ அல்ல. ஜமைக்காவின் ஷாப்பா ராங்க்ஸ் பாடிய ஒரு பாட்டின் தலைப்பு. இசை பற்றி எழுதினாலே 'ஆசிரியருக்குக் கேள்வி ஞானம் போதாது' என்று சபா ரசிகர்கள் கார்டு போடுவார்கள். ஐயா, வாராவாரம் தபாலில் மூட்டையாக வருவதே எனக்குக் கேள்வி ஞானம்தான்.

இந்தத் தாளத்துக்கு வழக்கும் உண்டு. ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்கா ஜோடி 1989-இல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்று ஒரு தாளத்தை மெஷினில் அமைத்தது. எல்லாரும் எடுத்தாண்டது எங்கள் சரக்கு என்று 2021-இல் கிளீவி தரப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அது வளர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட பாடகர்கள், ஏறக்குறைய 1,800 பாட்டுகள் என்று ஆனது. கிளீவி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டிரம்மை அடுக்கியவர் ஓரமாய் நிற்க, மேலே நின்று பாடியவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆனால் கேஸ் ஜெயித்தால் எங்கே போய் நிற்கும்? எட்டை மூன்று, மூன்று, இரண்டாக முதலில் உடைத்த ஆப்பிரிக்கரின் வாரிசைத் தேடி அமீனா கிளம்ப வேண்டும். அடுத்து, கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களிடம் ராயல்டி வசூல். எனக்குக் கார்டு போடும் சபா ரசிகர்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் போடுவது எந்தத் தாளத்தின் நகல் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

ஹெட்ஃபோன் தாராளமாக வாங்குங்கள். பாஸ் நன்றாகக் கேட்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். இந்த இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது.