கரண்ட் போனதும் சம்ப் ஏன் வழிகிறது?

கேள்வி: 120 × 60 × 60 செ.மீ. கடல்மீன் தொட்டி. அடியில் 90 × 40 × 40 செ.மீ. சம்ப் (தொட்டி நீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் வழியே மேலே திரும்பும் கீழ்த்தொட்டி), இரண்டே அறை, 20 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கும். ரிட்டர்ன் நாசில் (பம்ப் ஏற்றும் நீர் தொட்டிக்குள் வரும் குழாய் வாய்) தொட்டி நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே. கரண்ட் போனால் ஹாலெல்லாம் உப்புத் தண்ணீர். இருந்தால் தொட்டியெல்லாம் பொடிக் குமிழி. சம்ப்பைப் பெரிதாக்கணுமா? — வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். கோளாறு நாசிலில். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கும். நாசில் வாயில் காற்று புகும்வரை நிற்காது. உங்கள் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர்; 12 செ.மீ.க்கு 86 லிட்டர். சம்ப்பில் அது 24 செ.மீ. ஏறும். மிச்சமிருப்பதோ 20. நாசிலை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்துங்கள், 14 லிட்டர்தான் வரும், ஏற்றம் 4 செ.மீ. ஓவர்ஃப்ளோ பெட்டியில் (தொட்டி நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் இடம்) நிற்கும் நீரும் கொஞ்சம் சேரும், அதற்கும் இடம் இருக்கிறது.

குமிழிக்கு, சம்ப்பை மூன்று அறையாக்குங்கள். தொட்டி நீர் ஃபில்டர் சாக்கில் (வடிகட்டும் துணிப்பை) விழட்டும். குழாய் முனை நீருக்குள் மூழ்கியிருக்கணும். அடுத்து ஸ்கிம்மர், நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி. அதன் பிறகு மூன்று தடுப்புக் கண்ணாடிகள், இடைவெளி 3-4 செ.மீ. முதலும் மூன்றாவதும் 22 செ.மீ. உயரம், அடியோடு ஒட்டியவை. நடுவிலுள்ளது அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கி, மேல் விளிம்பு 28 செ.மீ.க்கு. நீர் மேலே ஏறி, கீழே நுழைந்து, மறுபடி மேலே ஏறும். குமிழி அதற்குள் மேலே போய்விடும். இடைவெளியைக் குறுக்கினால் நீர் வேகமெடுத்து குமிழியையும் இழுத்துப் போகும். ரிட்டர்ன் அறையில் (பம்ப் இருக்கும் கடைசி அறை) நீர் 18 செ.மீ.க்குக் குறையவிடாதீர்கள், உயரத்திலிருந்து கொட்டினால் அங்கேயே புதுக் குமிழி.

முதல் தடுப்பு 22 செ.மீ. என்பது கல்வெட்டல்ல. உங்கள் ஸ்கிம்மர் எவ்வளவு ஆழம் கேட்கிறதோ அதுதான் கணக்கு. ஆழம் மாறிக்கொண்டே இருந்தால் நுரை ஒரு நாள் வழியும், மறுநாள் வராது.

கேள்வி: நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே? — வாசகர், நாகர்கோவில்

பதில்: போடலாம், நம்பக்கூடாது. பவளப்பாசியும் உப்பும் படிந்தால் மூடி முழுசாக உட்காராது. நீர் திரும்பி இறங்குவதை நிறுத்த நாசில் அருகே போடும் காற்றுத் துளையும் அப்படித்தான், பாசி அடைக்கும்.

இன்னொன்று, ஆவியாகும் நீர் ரிட்டர்ன் அறையில்தான் குறையும். 30 × 40 செ.மீ. அறையில் 5 லிட்டர் போனால் 4 செ.மீ. இறங்கும். ஈடுகட்ட ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, உப்புநீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிவிடும்.