ஃபெஸ் நகரத்துக்கு அம்மாவோடு போகிறீர்களா? வழிகாட்டியைத் தெருவில் தேடாதீர்கள்

கேள்வி: ஏப்ரலில் மொராக்கோ போகிறோம். கணவர், நான், 14 வயது மகன், 70 வயது அம்மா. விசா வந்துவிட்டது. ஃபெஸ் நகரில் மூன்று இரவுகள். பழைய நகரத்துக்குள் போனால் தொலைந்துவிடுவீர்கள், வழிகாட்டிகள் ஏமாற்றுவார்கள் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, சர்க்கரையும் உண்டு. கோல் ஊன்றித்தான் நடப்பார். வழிகாட்டி அவசியமா? அம்மாவை உள்ளே கூட்டிப் போக முடியுமா?
(கோயம்புத்தூர் வாசகி ஒருவர்)

பதில்: முடியும். ஆனால் எல்லோரும் போகிற வழியில் அவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஃபெஸ் பழைய நகரம், அதாவது மெதினா, ஒரு கிண்ணம் மாதிரி. மேற்கே மேட்டில் பாப் பூஜ்லூத் என்ற நீல வாசல். கீழே பள்ளத்தில் கரவிய்யீன் பள்ளிவாசலும் கடைவீதிகளின் நடுப்பகுதியும். சுற்றுலாக் குழுக்கள் நீல வாசலில் ஆரம்பித்து, தலா கபீரா என்ற நீண்ட தெருவில் இறங்கிக்கொண்டே போவார்கள். 'இறக்கம்தானே, சுலபம்' என்று முகவர்கள் சொல்வார்கள். மூட்டுவலிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைக் கொல்லும். வழியெல்லாம் கல் பாவிய தரை, சில இடங்களில் தண்ணீர் ஊற்றி வழுக்கும். நான்கு சக்கர வண்டி எதுவும் உள்ளே வராது. சுமை ஏற்றிய கோவேறு கழுதை பின்னால் வரும்போது ஓட்டுகிறவர் 'பாலக்! பாலக்!' என்று கத்துவார். 'ஒதுங்கு' என்று அர்த்தம். கேட்டவுடன் சுவரோரம் ஒதுங்க வேண்டும். கோல் ஊன்றியவர் எவ்வளவு வேகமாக ஒதுங்க முடியும்?

நான் அழைத்துப் போன குழுவில் ஒரு பெரியம்மா, தலா கபீராவின் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இறங்கவும் முடியவில்லை, திரும்பி ஏறவும் முடியவில்லை. கடைசியில் பெட்டி சுமக்கும் கைவண்டி ஒன்றில் விரிப்புப் போட்டு, அவரை உட்கார வைத்து, பக்கத்துச் சந்து வழியாக வண்டி நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் இன்றும் மனசு ஆறவில்லை. வழியை முதலிலேயே மாற்றிப் போட்டிருக்கலாம்.

அந்த மாற்று வழியைச் சொல்கிறேன். மெதினாவை ஒரே நடையாகப் பார்க்காதீர்கள். இரண்டு சின்ன நடைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் டாக்சியில் நேராக ரசீஃப் சதுக்கத்துக்குப் போங்கள். மெதினாவின் அடிப்பகுதியில் டாக்சி வந்து நிற்கிற இடம் அது. அங்கிருந்து ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சஃபாரீன் சதுக்கம், செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் இடம். அங்கிருந்து கரவிய்யீனின் சுவரை ஒட்டியே போகலாம். 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல் அது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே அத்தாரீன் மதரசா. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். தரையோரம் ஓடு, அதற்கு மேல் சுதைவேலை, அதற்கும் மேல் தேவதாரு மரச் செதுக்கல். முற்றத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், மாடி ஏறத் தேவையில்லை. திரும்பி ரசீஃப் வந்தால் டாக்சி.

இரண்டாம் நாள் டாக்சியில் நீல வாசலுக்குப் போங்கள். வாசலுக்குள் சில நிமிடத் தொலைவில் பூ இனானியா மதரசா. பார்த்துவிட்டுத் தலா கபீராவில் இறங்காமல் அப்படியே திரும்பிவிடுங்கள். உங்கள் கணவரும் மகனும் மட்டும் கீழே இறங்கிப் போகட்டும். நீங்களும் அம்மாவும் டாக்சியில், மெதினாவை அடுத்த ஃபெஸ் ஜ்தீத் என்ற பகுதிக்குப் போய் அரச அரண்மனையின் பித்தளைக் கதவுகளைப் பார்க்கலாம். அரண்மனைக்குள் அனுமதி கிடையாது, ஆனால் முன்னால் இருப்பது சமதளமான பெரிய சதுக்கம். சாயங்காலம், மரீனியர் என்ற பழைய அரச வம்சத்தின் கல்லறைகள் இருக்கும் குன்றுக்கு டாக்சியிலேயே போனால் முழு மெதினாவும் கீழே தெரியும். வந்த டாக்சியையே நிறுத்தி வையுங்கள், இருட்டிய பிறகு அங்கிருந்து நடந்து இறங்காதீர்கள்.

தங்கும் இடமும் இதே கணக்குத்தான். ரியாத் என்பது நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும், பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 'வாசலிலிருந்து ஐந்து நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அது அந்த ஊர் இளைஞன் நடக்கிற ஐந்து நிமிடம். 'டாக்சி இறங்கும் இடத்திலிருந்து எத்தனை படி, எத்தனை மீட்டர்?' என்று கேளுங்கள். டாக்சி வந்து நிற்கும் பத்தா, அயின் அஸ்லிதன், ரசீஃப் இந்த மூன்றில் ஒன்றின் அருகே இருந்தால் நல்லது. பெட்டிகளுக்குக் கைவண்டிக்காரரை ரியாத்தே அனுப்பும். கூலியை முன்பே பேசிவிடுங்கள்.

இனி வழிகாட்டி. வேண்டும், ஒரே ஒரு அரை நாளுக்கு. முதல் நாள் நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படாது. சுற்றுலா அமைச்சகம் தந்த, படம் ஒட்டிய அடையாள அட்டை அவரிடம் இருக்க வேண்டும். ஊரிலிருந்தே, ரியாத் மூலமாகப் பேசி முடித்துவிடுங்கள். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல், குழுவுக்கு மொத்தமாக. இங்கே உள்ள முகவர் 'ஃபெஸ் நகர உலா' என்று தலைக்கு ஒரு தொகை விற்பார். அது இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் அதே வழிகாட்டியிடம்தான் போய்ச் சேரும். நீங்கள் கொடுத்ததில் அவருக்குப் போவது கொஞ்சம்தான்.

அதனால்தான் அவர் உங்களைக் கடைக்குக் கூட்டிப் போகிறார். இதுதான் நான் பதினைந்து வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்வது. ஃபெஸ்ஸில் ஏமாற்று என்பது இருட்டுச் சந்தில் நடப்பதில்லை. பட்டப்பகலில், மெத்தையில் உட்கார வைத்து, புதினா டீ கொடுத்து நடக்கிறது. கம்பளக் கடை, தோல் கடை, ஆர்கன் எண்ணெய் விற்கும் 'பெண்கள் கூட்டுறவு', மூலிகைக் கடை, இவற்றில் எதற்குள் நீங்கள் போனாலும் கூட்டி வந்தவருக்குக் கமிஷன் உண்டு. அது உங்கள் விலையின் மேல்தான் ஏறும். அட்டை வைத்திருப்பவரும் இதைச் செய்கிறார். அட்டை இல்லாத பையன்களைப் பிடிக்கச் சுற்றுலா போலீஸ் இருக்கிறது. அட்டைக்காரர் மூன்று மணி நேர நடையில் இரண்டு மணி நேரத்தைக் கடைகளில் கழித்தால் யார் கேட்கிறார்கள்? யாரும் இல்லை. அட்டையைச் சோதிப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடுகிறது. பல வருஷமாக இதைப் பார்த்துப் பொறுமை போய்விட்டது எனக்கு.

ஆகவே பேசும்போதே சொல்லுங்கள்: 'கடை எதற்கும் போகக் கூடாது. தோல் பதனிடும் இடம் மட்டும், அதுவும் நாங்கள் கேட்டால்.' இதற்கு முகம் சுளிக்கிறவர் வேண்டாம். ஒப்புக்கொண்டு அப்படியே நடந்தவருக்கு முடிவில் தாராளமாக அன்பளிப்பு கொடுங்கள். அவருக்கு உண்மையிலேயே நஷ்டம் இருக்கிறது.

அந்த ஷுவாரா தோல் தொட்டிகளைப் பார்க்க நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு கொத்துப் புதினா கொடுப்பார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், மற்றவற்றில் சாயம். ஆட்கள் தொடையளவு இறங்கி நின்று மிதிப்பார்கள். மாடிக்காரருக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம். வெளியே 'டிக்கெட்' என்று யாராவது கேட்டால் அது பொய். அம்மாவுக்கு அந்த மாடிப் படிகள் வேண்டாம்.

தெருவில் தானாக வந்து பேசுகிறவர்களின் வசனங்கள் மாறுவதே இல்லை. 'அந்த வழி மூடியிருக்கிறது.' 'இன்று மட்டும் மலைக்காரர்களின் சந்தை.' 'நான் உங்கள் ரியாத்தில் வேலை பார்க்கிறேன், ஞாபகம் இல்லையா?' வழி மூடியிருக்காது. 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று விளக்கம் சொன்னால் பேச்சு வளரும். மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள், பெரும்பாலும் முதலில் பிடிபடுவது அந்த வயதுப் பிள்ளைகள்தான். வழி கேட்க வேண்டுமானால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். கடையை விட்டு அவர் உங்களோடு வர முடியாது.

தொலைந்துபோவது பற்றி: சந்துகள் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்பார்கள், ஃபோனில் வரைபடமும் தடுமாறும். ஆனால் சரிவு பொய் சொல்லாது. தலா கபீரா, அதற்கு இணையாக ஓடும் தலா சகீரா பக்கம் திகைத்தால் மேலே ஏறுங்கள், நீல வாசல் வரும். கீழே இறங்கினால் நடுப்பகுதி, அங்கே ரசீஃப் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டாக்சியில் உங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊருக்குள் ஓடும் சிவப்புச் சிறு டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம். நீங்கள் நான்கு பேர். 14 வயதுப் பையனும் கணக்கில் ஒரு ஆள்தான், மடியில் உட்கார வைக்கலாமா என்று கேட்டு டிரைவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், போலீஸ் பிடித்தால் அவருக்குத்தான் அபராதம். இதைத் தெரிந்துகொண்டே சிலர் வந்து 'நான்கு பேருக்கு என் வண்டி' என்று பல மடங்கு கேட்பார்கள். இரண்டு சிறு டாக்சிகள் பிடியுங்கள், பெரும்பாலும் அதுவே மலிவு. அம்மாவும் கணவரும் ஒன்றில், நீங்களும் மகனும் இன்னொன்றில். இரண்டு பேரிடமும் ஃபோன், இறங்குமிடத்தின் பெயர் அரபியில் எழுதிய தாள், சில்லறை இருக்கட்டும். ஏறியதும் 'கொம்ப்தேர்' என்று சொல்லி மீட்டரைப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் இறங்கி அடுத்ததைப் பாருங்கள். இருவர் மட்டும் இருப்பதால் வழியில் இன்னொருவரை ஏற்றலாம், அது அங்கே வழக்கம், பயப்பட வேண்டாம். இரவில் மீட்டரில் வருவதோடு பாதி கூடச் சேர்த்துக் கேட்பார்கள், அது சட்டப்படியானதுதான். விமான நிலையத்துக்கும் வெளியூருக்கும் மட்டும் பெரிய டாக்சி. அதில் ஆறு பேர் வரை போகலாம், ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாளில் 'ஃபெஸ்ஸிலிருந்து சஹாரா, ஒரே இரவு' என்று முகவர் நீட்டினால் வாங்காதீர்கள். மெர்சூகா மணல்மேடு ஒரு பக்கமே 450 கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை. அம்மாவின் முழங்கால் வண்டியிலேயே மடங்கிக் கிடக்கும். அதற்குப் பதில் பக்கத்து ஊரான மெக்னெஸ், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை பழைய நகரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். கடைக்காகப் போகாத உங்களுக்கு அது நஷ்டமில்லை, கூட்டம் குறைவாக இருக்கும்.

சஃபாரீன் சதுக்கத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் தட்டுக்கு இன்னொருவர் தட்டு பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஓரத்தில் டீக்கடை இருக்கிறது. அம்மாவை அங்கே அரை மணி நேரமாவது உட்கார வையுங்கள், நீங்கள் மாறி மாறி அத்தாரீன் போய் வரலாம். புதினா டீயில் சர்க்கரையைக் கெட்டிலிலேயே போட்டுக் கொண்டு வந்துவிடுவார்கள். 'பிலா சுக்கர்' (சர்க்கரை இல்லாமல்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் பயனில்லை.