நாட்பட்ட நோவால இனி வேலை செய்ய ஏலாது. மெடிக்கல் காரணத்தில விலகினால் என்ன கிடைக்கும்? (கொழும்பு, பிரைவேட் கம்பனி)

முதல் ஒண்டு சொல்லுறன். எச்.ஆர் நீட்டுற ரெசிக்னேஷன் கடிதத்தில இப்ப கையெழுத்து வைக்காதேங்கோ.

44 வயசு, 16 வருஷமா ஒரே கம்பனி, நாரியில தொடங்கின நோ இப்ப தோள் கழுத்து எல்லாம் பரவீட்டுது, ஸ்கான் எடுத்தால் பெரிசா ஒண்டும் இல்லை, "நீங்களா விலகினா நல்ல கடிதம் தாறம்" எண்டு சொல்லுறாங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாசிக்கவே நெஞ்சு பதறுது, ஏனெண்டால் இதே கதைதான் எனக்கும். நான் வெள்ளவத்தையில இருக்கிறன், எக்கவுண்ட்ஸ் வேலை, ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்கத் தசை நோ வாற வருத்தம்) எண்டு டொக்டர் பெயர் சொல்லவே கன காலம் போச்சுது. இப்ப வேலையில இல்லை. விலகிறதுக்கு முந்தி என்னென்ன செய்தனோ அதைத்தான் சொல்லுறன்.

ஏன் உங்கட கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுறாங்கள் எண்டால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு. 15 பேருக்குக் குறையாம வேலை செய்யிற இடத்தில, கடைசி 12 மாசத்தில 180 நாளாவது வேலை செய்த ஒராளை ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த வேற காரணத்துக்காக நிப்பாட்டுறதெண்டால் ஒண்டில் அவர் எழுத்தில சம்மதிக்க வேணும், இல்லாட்டித் தொழில் ஆணையாளர் நாயகத்திட்ட முதலே எழுத்தில அனுமதி எடுக்க வேணும். வருத்தம் வந்தது ஒழுக்காற்றுக் குற்றம் இல்லையே. உங்கட கையெழுத்து விழுந்தால் அவங்களுக்கு அந்த அலைச்சல் முழுக்க மிச்சம். அதுக்காகச் சண்டைக்குப் போகச் சொல்லேல்லை. நான் ஈமெயில்லதான் எழுதினன், மருத்துவக் காரணத்தால விலகிறதைப் பற்றிக் கதைக்க விருப்பம், நீங்கள் என்ன தருவீங்கள் எண்டதை எழுத்தில தாங்கோ எண்டு. வாய்க்கதை எல்லாம் அண்டைக்கே நிண்டுட்டுது. பிறகு அவங்களே சில மாசச் சம்பளம் சேர்த்துத் தாறம் எண்டு வந்தவை.

பணிக்கொடையை, அதாவது வேலையை விட்டுப் போகேக்க கம்பனி தர வேண்டிய கிராஜுவிட்டியைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ, அது நீங்களா விலகினாலும் கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருஷம் முடிச்சிருந்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்தில அரை மாசம். உதாரணத்துக்குச் சம்பளம் 80,000 எண்டு வைப்பம், 16 வருஷத்துக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் வரும். விலகி 30 நாளுக்குள்ள தர வேணும். இதைத் தாறதைப் பெரிய உதவி மாதிரிச் சொன்னால் நம்பாதேங்கோ, அது உங்கட காசு.

இனி ஈ.பி.எப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, இதிலதான் எல்லாரும் இடறுறது. உங்கட 8 வீதம், கம்பனியின்ர 12 வீதம், சாதாரணமா ஆம்பிளையளுக்கு 55 வயசில, பொம்பிளையளுக்கு 50இல எடுக்கலாம். அதுக்கு முந்தி எடுக்கக்கூடிய காரணங்களில ஒண்டு, நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய ஏலாத நிலை எண்டு பதிவு பெற்ற டொக்டர் ஒருவர் சான்றுபடுத்துறது. அந்த ரெண்டு சொல்லும் சேர்ந்து வர வேணும். "ஓய்வு தேவை", "பாரம் தூக்க வேண்டாம்" எண்டு எழுதின துண்டு காணாது. இந்தச் சான்று கிடைக்குமோ எண்டு தெரியாமல் வேலையை விட்டால், காசு வட்டியோட அங்கயே கிடக்கும், நீங்கள் 55 மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வரும், 11 வருஷம். அதாலதான் முதல் பேப்பர், பிறகு விலகல் எண்டு சொல்லுறன். வேலையில இருக்கேக்க வீட்டுக்கோ மருத்துவச் செலவுக்கோ எண்டு 30 வீதம் எடுக்கிற திட்டமும் இருக்கு, 10 வருஷம் கட்டியிருக்க வேணும், கணக்கில குறைஞ்சது 3 லட்சம் இருக்க வேணும், ஆகக் கூடினது 20 லட்சம். உங்களுக்கு அது பொருந்துமோ எண்டு நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில கேளுங்கோ. வெள்ளவத்தையில இருந்து 141 பஸ் நேர போகும், ஆனா நாரி நோ உள்ள ஆள் காலமை நெரிசல்ல ஏறாதேங்கோ. தமிழ்ப் படிவம் வேணும் எண்டு தயங்காமக் கேளுங்கோ, அது எங்கட உரிமை. போக முந்தி 1919க்கு அடிச்சால் தமிழிலயே சொல்லுவினம்.

இப்ப டொக்டரின்ர கடிதம். எங்கட மாதிரி நோவுக்கு இதுதான் உயிர். கால் முறிஞ்சவனுக்கு எக்ஸ்ரே சாட்சி, எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, ரத்தம் நோர்மல், எம்.ஆர்.ஐ நோர்மல், கிளினிக் கொப்பி மட்டும்தான் சாட்சி. அந்தக் கொப்பியில என்ன இருக்கெண்டு ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ. கன பேரின்ர கொப்பியில மருந்துப் பெயரும் திகதியும் மட்டும்தான் இருக்கும், ஏனெண்டால் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில விடியவே வந்து லைனில நிண்டு, உள்ள போனால் டொக்டருக்கும் நேரமில்லை, நாங்களும் "அதே மருந்தைத் தாங்கோ" எண்டுட்டு வந்திடுவம். இனி அப்பிடி வராதேங்கோ. எவ்வளவு நேரம் கதிரையில இருக்க ஏலும், அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் படுக்க வேணும், கிழமையில எத்தனை நாள் கட்டிலால எழும்ப ஏலாது, ப்ரெகபலின் எண்ட நோ மருந்து போட்டால் மத்தியானம் மட்டும் தலை கனக்குதோ, கணக்குப் பார்க்கேக்க பிழை வருதோ, இதெல்லாத்தையும் ஒரு சின்னத் தாளில எழுதிக்கொண்டு போய்க் குடுத்து, கொப்பியில குறிக்கச் சொல்லிக் கேளுங்கோ. கூட்டியும் சொல்லாதேங்கோ, குறைச்சும் சொல்லாதேங்கோ. நல்லா இருந்த நாளையும் எழுதுங்கோ, அதுக்கு அடுத்த நாள் என்ன நடந்ததெண்டும் எழுதுங்கோ. கடிதத்தில வருத்தத்தின்ர பெயரை விட, இந்த வேலையில எதெது செய்ய ஏலாது, என்னென்ன மருந்து எந்த அளவில எவ்வளவு காலம் பார்த்தது, பிசியோதெரபி செய்தும் ஏன் சரிவரேல்லை, இனித் திருந்த வாய்ப்பு எவ்வளவு, இந்த நாலும் வந்தால் காணும். சனல் பண்ணிக் காசு கட்டிப் பிரைவேட்டாப் பார்க்கிற டொக்டரிட்ட மட்டும் போறீங்களெண்டால் அரச ஆஸ்பத்திரி வாத நோய்க் கிளினிக்கிலயும் பதியுங்கோ, என்ர அனுபவத்தில அந்தக் கடிதத்துக்குத்தான் மதிப்புக் கூட.

இன்னொண்டு, "இது மனப்பிரமை" எண்டு ஆரும் சொன்னால் சும்மா கேட்டுக்கொண்டு வராதேங்கோ. 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில நாட்பட்ட நோ எண்டு தனியாவே இருக்கு, குறியீடு எம்.ஜி.30. மூண்டு மாசத்துக்கு மேல நிக்கிற, இல்லாட்டித் திரும்பத் திரும்ப வாற நோ. ஸ்கானில காரணம் தெரியாட்டிலும் அது நோய்தான். அந்தக் குறியீட்டையும் கடிதத்தில போடச் சொல்லிக் கேட்கலாம்.

ஈ.டி.எப், அதுதான் ஊழியர் நம்பிக்கை நிதி, அதிலயும் நிரந்தர இயலாமைக்கு ஒரு உதவி இருக்கு, ஆனா அது வேலையில இருக்கிற அங்கத்தவருக்கான காப்புறுதி, விலக முந்தியே போய் விசாரியுங்கோ. அஸ்வெசும எண்ட அரசாங்க நிவாரணத் திட்டம் வழியா மாற்றுத்திறனாளிக்கு மாசாமாசம் வாற கொடுப்பனவு 2025இல 7,500இல இருந்து 10,000 ஆக்கினவை, குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு மட்டும், பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடிக்க வேணும். அரசாங்க உத்தியோகமெண்டால் பாதையே வேற, மருத்துவ சபைக்கு முன்னால போய், 10 வருஷ சேவை இருந்தால் பென்ஷனோட போகலாம், என்ர அக்கா ரீச்சர், அவ அப்பிடித்தான் போனவ. பிரைவேட்டில எங்களுக்கு மாசாமாசம் வாற பென்ஷன் எண்டு ஒண்டு இல்லை, கிடைக்கிறது முழுக்க ஒரே தரம் வாற காசு. அதை நினைச்சால் எனக்கு இப்பவும் கோபம் வரும். நோவோட இருக்கிற ஆள் கந்தோர் கந்தோரா ஏறி இறங்க வேண்டியிருக்கே, அது சரியான அநியாயம். ஏலுமெண்டால் மனுசியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போங்கோ, நீங்கள் இருங்கோ, அவை லைனில நிக்கட்டும்.

வீட்டில ஆக்கள் "பார்க்க நல்லாத்தானே இருக்கிறீங்கள், 44 வயசில வீட்டில இருக்கப் போறீங்களோ" எண்டு கேட்பினம். கேட்கட்டும். உங்கட உடம்பு உங்களுக்குத்தான் தெரியும், வேலையை விட நினைக்கிறது சோம்பலால இல்லை.

வீட்டுக் கடன் ஏதும் பாங்கில எடுத்திருந்தால், எடுக்கேக்க ஒரு இன்சூரன்சும் சேர்த்துப் போட்டிருப்பினம். பொதுவா அது செத்தால் எண்டுதான் நினைப்பம், ஆனா சிலதில நிரந்தர முழு இயலாமையும் இருக்கும், மிச்சக் கடனை அவங்களே கட்டுவினம். அந்தப் பொலிசிப் பேப்பரைத் தேடி எடுத்து, கிளெய்ம் போட எத்தனை மாசம் தந்திருக்கெண்டு இந்தக் கிழமையே பாருங்கோ, அந்தக் கெடு தவறினால் பிறகு ஆரும் கேட்க மாட்டினம்.